நெல்லெடை

தஞ்சாவூர் கீழவீதி
காட்கே ராவ் துப்பாக்கிக் கடையில்
பதினோரு வருஷமாய்க் கணக்கெழுதுகிறேன்.
ஒரு தடவைகூடச் சுட்டதில்லை.
ஆனால் எந்தத் தோட்டா எதற்கென்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
கொக்குக்கு ஆறாம் நம்பர்.
கொள்ளிடத்து நாணலில் பன்றியென்றால் எல்.ஜி.,
நாற்பது கெஜத்துக்கு மேல் வேண்டாம்.
காட்டெருமைக்கு மட்டும்
கொஞ்சம் உட்கார்ந்து பேசவேண்டும்.

ஆலங்கரைப் பண்ணை வந்தது புரட்டாசிக் கடைசியில்.
குறுவை சாய்ந்து கிடந்தது, அறுக்க ஆளில்லை.
"மலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், காட்டெருமை" என்றார்.
முன்னூற்றெழுபத்தைந்து ரைபிள்,
லைசென்ஸ் சரியாக இருந்தது.

இரண்டு பெட்டிகளை மேஜையில் வைத்தேன்.
இது மூக்கில் ஈயம் தெரிகிற குண்டு.
உள்ளே போனதும் காளான்போல் விரியும்.
தோளுக்குப் பின்னால், நுரையீரலுக்கு.
இது முழுக்க உறை போட்டது.
விரியாது. எலும்பை ஒடித்துக்கொண்டு நேரே போகும்.
அடிபட்டுப் பின்புறம் காட்டி ஓடுகிற மிருகத்துக்கு.
முதலில் அது, அப்புறம் இது.

"எடை?"
"முன்னூறு கிரெய்ன்."
"அப்படியென்றால்?"
"தானியமணி. வெள்ளைக்காரன் வாற்கோதுமையில் நிறுத்தான்."

சிரித்தார். வியாபாரிக்கு மாதிரி காட்ட
மடியில் முடிந்திருந்த நெல்லை அவிழ்த்தார்.
காட்சிக்கு வைத்திருந்த வெறுங்குண்டை
தராசின் ஒரு தட்டில் போட்டேன்.
மறு தட்டில் அவர் சிந்தினார், நிறுத்தினார், சிந்தினார்.
ஒரு கைப்பிடிக்குள் முள் நேரே நின்றது.
"இவ்வளவுதானா?"
அரைப்படியில் இருபதில் ஒரு பங்குகூட வராது.

கலத்துக்கு அரைப்படி கூடக் கேட்டுத்தான்
அவர் வயல் நிற்கிறது.
தங்கை புருஷன் ஆபிரகாம் சொன்னான்.
அவன் வீடு அந்தக் கரையின் தென்சரிவில்.
அரைப்படியைப் பற்றி
அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

எழுந்தவர் மறந்ததைக் கேட்பதுபோல் கேட்டார்:
"உறை போட்டது மண்சுவரைத் துளைக்குமா?"

காட்டெருமைக்கு ஏது சுவர்
என்று கேட்டிருக்கலாம்.
"துளைக்கும்" என்றேன்.
பதினோரு வருஷத்துப் பழக்கம்,
தோட்டா விஷயத்தில் வாய்க்குப் பொய் வராது.
கைக்கு அப்படி ஒன்றுமில்லை.

உள்ளறையில், கீழ்த்தட்டில்,
வடவாறு உடைத்துக்கொண்டு வீதிக்குள் வந்த வருஷம்
மூன்று நாள் தண்ணீரில் கிடந்த சரக்கு.
அழிக்கச் சொல்லி ராவ் மறந்துவிட்டார்.
பித்தளையை வேட்டி முனையால் துடைத்தேன்.
புதுசாட்டம் மின்னியது.
நல்ல அட்டைப்பெட்டியில் போட்டேன்,
வகைக்கு ஐந்து.

நனைந்த தோட்டா வெடிக்காதென்று
யாரும் சத்தியம் செய்ய முடியாது.
இறுக்கமான கழுத்து, அரக்கு வைத்த அடி.
பத்தில் நாலு வெடிக்கும். எட்டும் வெடிக்கலாம்.
எந்த நாலு என்பது
அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

பேரேட்டில் எழுதினேன்: தோட்டா பத்து, ரொக்கம்.
அவசரமில்லாத கையெழுத்து அவருக்கு,
கடைசி எழுத்தில் வால் நீளும்.

நிஜமாகவே மலைக்குப் போயிருந்தால்?
மூங்கிலுக்குள் முதல் குண்டை வாங்கிய மிருகம்
திரும்பி நிற்கையில்
அடுத்தது வெறும் 'டிக்' என்றால்?
அவர் மரம் ஏறுவார்.
பின்னால் பை தூக்கிப் போகிறவன்?
அவனுக்கும் ஒரு கீற்றுவீடு இருக்கும்,
ஒரு தங்கை இருப்பாள்.

இன்றோடு ஒன்பது நாள்.
பத்திரிகையை ராவுக்கு முன்னால் நான் பிரிக்கிறேன்.
மலைச்செய்தி ஒன்றுமில்லை. கரைச்செய்தியும் இல்லை.

அவர் விட்டுப்போன நெல்
தட்டிலேயே கிடக்கிறது. எடுக்கக் கை வரவில்லை.
ராத்திரியில் எலி வந்து
கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்கிறது போல.
காலையில் கடை திறந்தபோது
குண்டு இருந்த தட்டு
மேஜையைத் தொட்டிருந்தது.